தலையும் வாலும்

சுல்தான் பீவி மேசைமேல் டிஸ்க்கைப் போட்ட வேகத்தில் பக்கத்தில் ஆறிக்கொண்டிருந்த டீ டம்ளர் ஆடி நின்றது.

"மூணு வாட்டி போட்டுப் பாத்தாச்சு. மாப்ள காரை விட்டு எறங்குறாரு. ஒரு காலத் தூக்குறாரு. அம்புட்டுத்தான், தூக்குன கால் தூக்குனபடியே நிக்கிது. பாக்க வந்தவுக எல்லாம் எம்மகளுக்கு நிக்காஹ் ஆச்சா இல்லையான்னு கேக்குறாக. நான் என்னத்தச் சொல்ல?"

பாண்டீஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு மாதமாகச் சிரித்தறியாத முகம், அதனால் கோணலாகத்தான் வந்தது. "குடுங்கக்கா, வேற எழுதித் தர்றேன். பேசாம பென்டிரைவ்ல வாங்கிக்கங்களேன். இப்ப யாருக்கா டிஸ்க் பாக்குறாக?"

"நான் பாக்குறேன். அந்தத் துண்டூண்டு சாமானத்த எங்க வச்சேன்னு தேட என்னால ஆகாது. வட்டமா கையில புடிச்சாத்தான் எனக்குக் கல்யாணம் முடிஞ்ச மாதிரி இருக்கும்."

கம்பத்தில் சந்தைக்குப் போகிற சந்தில் இருக்கும் அல்தாபின் ஸ்டூடியோவில் டிஸ்க் எழுதுகிற வேலை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது என்றால் இப்படிப்பட்ட ஆட்களால்தான். இப்படிப்பட்ட ஆட்களும் கோர்ட்டும். பாண்டீஸ்வரி பத்து வருசமாக அங்கே வேலை பார்க்கிறாள். ஆல்பம் ஒட்ட வந்தவள், பிறகு வீடியோ வெட்டப் படித்து, டிஸ்க் எழுதுவதும் அவள் பொறுப்பானது. எழுதி முடித்ததும் கம்ப்யூட்டரே அதை முதலிலிருந்து கடைசி வரை வாசித்துப் பிழை இருக்கிறதா என்று சரிபார்க்கும். அதற்கொரு டிக் இருக்கிறது. அந்த டிக்கைப் போட்டால் எழுதுவதற்கு ஆன நேரம் இன்னொரு மடங்கு ஆகும். முகூர்த்த மாசத்தில் அறுபது டிஸ்க் எழுத வேண்டியிருக்க, யார் உட்கார்ந்து காத்திருப்பது? அல்தாப் அவளுக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடமே அந்த டிக்கை எடுத்துவிடுவதுதான். "தலையப் பாரு, வாலப் பாரு. ரெண்டும் ஓடுனா நடுவுல உள்ளது தானா ஓடும்." பத்து வருசமாக அப்படித்தான் ஓடியது. தலையில் விநாயகர், வாலில் நன்றி வணக்கம், நடுவில் நடந்த கல்யாணத்தை யார் பார்த்தார்கள்?

அவள் டிஸ்க்கை டிரைவில் தள்ளிப் பிழை பார்க்கிற புரோகிராமைத் திறந்தாள். திரையில் கட்டம் கட்டமாக நிரம்பத் தொடங்கியது. நல்ல இடம் பச்சை, தடுமாறுகிற இடம் மஞ்சள், செத்த இடம் சிவப்பு. முக்கால்வாசி பச்சையாகத்தான் போனது. நடுவில் ஒரு விரற்கடை அகலத்துக்குச் செக்கச் செவேலென்று கொட்டிக் கிடந்தது.

பின்னால் நின்று பார்த்த அல்தாப் உச்சுக் கொட்டினார். "கோளாறு உங்க பிளேயர்ல இல்லக்கா. டிஸ்க்கே சொத்தை. ஏம்மா பாண்டீஸ், இது எந்த டப்பா?"

"மதுரையிலேர்ந்து புதுசா வந்துச்சேண்ணே, அம்பது உள்ள டப்பா."

"அதுல வேற எத எழுதுன?"

பாண்டீஸ்வரி டப்பாவை எடுத்து மீதியை எண்ணினாள். சுல்தான் பீவியின் ஐந்து காப்பிகளை எழுதிவிட்டு, அதே டப்பாவிலிருந்து, அதே மத்தியானம், இன்னும் மூன்று எழுதியிருந்தாள். அந்த மூன்றில்தான் அவள் புருசன் உயிர் இருந்தது.

மாரிசெல்வம் கூடலூரில் டிரிப் ஜீப் ஓட்டுகிறவன். விடியக்காலம் ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு லோயர் கேம்ப் வழியாக மலையேறி, குமுளி தாண்டி இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவான். ஒரு ஜீப்பில் பதினான்கு பேர், சோற்று வாளி தனி. போன மாதம் ஒரு நாள் விடியக்காலம் ஐந்து மணி வாக்கில், லோயர் கேம்ப் ரோட்டில் வாய்க்கால் பாலத்துக்கு இந்தப் பக்கம், வயலுக்குத் தண்ணீர் திருப்பப் போன சின்னக்கருப்பு என்கிறவரை ஒரு ஜீப் அடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டது. அடித்தது மட்டும் என்றால் பரவாயில்லை. விழுந்தவரை இழுத்து வாய்க்கால் கரையில், நாணல் மறைவில் போட்டிருந்தார்கள். ஆறரை மணிக்குக் குளிக்க வந்தவர்கள் பார்த்தபோது உயிர் இருந்தது. ஆஸ்பத்திரி போகிற வழியில் போய்விட்டது. தேங்காய் வெட்டப் போன ஒருத்தர் பச்சை ஜீப் என்று சொன்னார். மாரிசெல்வத்தின் பச்சை ஜீப்பில் இடது பக்கம் ஒடுங்கியிருந்தது. அது பழைய ஒடுக்கு என்று அவன் சொன்னான், போலீஸ் கேட்கவில்லை. லேசில் ஜாமீன் கிடைக்காத செக்சனாகப் போட்டு உள்ளே வைத்துவிட்டார்கள்.

"அந்நேரம் நான் டீக்கடையிலதான் நின்னேன், நாப்பது வருசம் கழிச்சுக் கேட்டாலும் அதத்தான் சொல்லுவேன்," என்றான் அவன். பாண்டீஸ்வரி நம்பினாள். சின்னக்கருப்பின் சம்சாரம் சந்தனம்மாள் தெருவுக்கு வந்து மண்ணை வாரித் தூற்றியபோது, "எம்புருசன் டீக்கடையில நின்னாரு, பொய்யின்னா எங்கண்ணு அவிஞ்சு போகட்டும்" என்று நடுத்தெருவில் நின்று கத்தியவள் அவள்.

அவன் ஜீப் நிறுத்துகிற அந்த டீக்கடையில் கேமரா இருக்கிறது என்பதை யோசித்துக் கண்டுபிடித்ததும் அவள்தான். கேமராப் பெட்டியில் பத்து நாள்தான் பதிவு நிற்கும், பிறகு பழசின்மேல் புதுசு ஏறிவிடும். ஒன்பதாம் நாள் ஓடிப்போய் அந்த ஒன்றேகால் மணி நேரத்தைப் பென்டிரைவில் ஏற்றி வந்து மூன்று டிஸ்க் எழுதினாள். எழுதியதும் தலையைப் பார்த்தாள்: நாலு நாற்பத்தொன்றுக்கு ஜீப் வந்து நிற்கிறது. வாலைப் பார்த்தாள்: ஐந்து ஐம்பதுக்கு அதே இடத்தில் அதே ஜீப், அவன் யாரிடமோ சிரித்துக்கொண்டு நிற்கிறான். போதும் என்று மூடி, அடுத்த கல்யாணத்துக்கு வேண்டும் என்று பென்டிரைவில் இருந்ததைத் துடைத்துவிட்டாள். வேலை முடிந்தால் துடைப்பது ஸ்டூடியோ வழக்கம். கை தானாகச் செய்துவிட்டது.

ஜெயிலில் மனு போட்டு அவனைப் பார்க்கப் போனபோது கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்றவனிடம் இதைச் சொன்னாள். அவன் சந்தோசப்படவில்லை. "உன்னைய யாரு இதெல்லாம் பண்ணச் சொன்னா?" என்று எரிந்து விழுந்தான். உள்ளே இருக்கிறவன் மனசு அப்படித்தான் நொந்து போயிருக்கும் என்று அவள் பஸ் முழுக்க அழுதுகொண்டே வந்தாள்.

நாளைக்குப் பதினோரு மணிக்குக் கோர்ட்டில் அந்த டிஸ்க்கைப் போட்டுப் பார்க்கப் போகிறார்கள்.

அவள் வெளியே வந்து வக்கீல் சேக் பரீதுக்குப் போன் போட்டாள். இரண்டு தடவை தப்பான ஆளுக்குப் போனது.

"சார், நம்ம டிஸ்க்க நீங்க முழுசாப் பாத்தீகளா சார்?"

"முழுசா எங்கம்மா பாக்க? நீ முன்னாடியும் பின்னாடியும் ஓட்டிக் காட்டுனேல்ல, அதத்தான் பாத்தேன். மணி தெளிவாத் தெரிஞ்சுச்சு. ஏன், என்னாச்சு?"

சொன்னாள்.

"ஒண்ணு சீல் வச்சுக் கோர்ட்டுல கெடக்கு, ஒண்ணு எதிர்த்தரப்புக்குக் குடுத்தாச்சு. எங்கையில ஏது? மூணாவது உன் வீட்லதான இருக்கு? அதப் போட்டுப் பாரு. அது ஓடுனா நாளைக்குக் கையோட கொண்டு வா, கோர்ட்டுது நின்னுபோனாலும் கேட்டுப் பாக்கலாம். அதுவும் ஓடலைன்னா..." வழக்குக் கட்டைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. "ஜட்ஜ் முன்னாடி நடுவுல நின்னுச்சுன்னா, நம்மளே வெட்டிட்டோம்னு அவுக சொல்லுவாகம்மா. சீக்கிரம் பாத்துட்டுச் சொல்லு."

கூடலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஆடிக்காற்று தூக்கிக்கொண்டு போனது. மலை மேலிருந்து சாரல் இறங்கி, ரோட்டின் இருபக்கமும் திராட்சைப் பந்தல்கள் ஈரத்தில் கறுத்துக் கிடந்தன. பக்கத்தில் இருந்த பொம்பளை மரவள்ளிக் கிழங்கு அவித்ததைப் பொட்டலத்தோடு நீட்டி, "எடுத்துக்கத்தா, சூடா இருக்கு" என்றாள். ஒரு துண்டை வாயில் போட்டாள். மீதியைக் கையிலேயே வைத்துக்கொண்டாள். எல்லாம் அவள் கையாலேயே ஆனது. சொத்தை டப்பாவை எடுத்தது அவள் கை. டிக்கை எடுத்ததும் அவள் கை. பென்டிரைவைத் துடைத்ததும் அதே கைதான். போலீஸ்காரன் உள்ளே வைத்தான், வெளியே வருகிற ஒரே கதவை இவள் பூட்டிவிட்டாளோ என்று நினைத்துக்கொண்டே வந்தாள்.

மாமியார் கஸ்தூரியம்மாள் அப்போதுதான் திராட்சைத் தோட்டத்திலிருந்து வந்திருந்தாள். காலையிலிருந்து அண்ணாந்து நின்று கொத்தில் பிஞ்சு கழித்த கழுத்தை ஒரு கையால் பிடித்துவிட்டுக்கொண்டே, இன்னொரு கையால் பழைய சோற்றில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னத்தா இந்நேரம்? வெளிறிப் போய் வர்ற?"

"அத்தே, அந்த டிஸ்க்கு எங்க?"

"சாமிகிட்ட இருக்கு. எங்க போகும்?"

பாண்டீஸ்வரி சாமி மாடத்துக்கு ஓடினாள். மாரியம்மன் படத்துக்கு முன்னால் டிஸ்க் சாய்ந்து நின்றது. எழுத்து இருக்கிற பக்கம் சுவரைப் பார்க்க, பளபளப்பான பக்கம் இவளைப் பார்த்தது. அந்தப் பளபளப்பில் மூன்று பட்டை சந்தனம். நடு ஓட்டையைச் சுற்றிக் குங்குமம், எண்ணெயோடு சேர்ந்து காய்ந்து போயிருந்தது.

"அய்யோ! என்ன வேல அத்தே பண்ணி வச்சிருக்கீக!"

கஸ்தூரியம்மாள் சோற்றுக் கையோடு எழுந்து வந்தாள். "ஏன்? புதுச் சாமானுக்குப் பொட்டு வைக்க மாட்டாகளா? எம்மகன் உசுரு இதுலதான் இருக்குன்னு நீதான சொன்ன. வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழமை முந்தானையால தொடச்சுட்டுப் புதுசா வச்சேன்."

"அந்தப் பக்கம்தான் படம் இருக்கு! எழுத்துப் பக்கம் வச்சிருந்தாலும் தேவலையே!"

"எனக்கென்னத்தா தெரியும். இந்தப் பக்கம் எம் மூஞ்சி தெரிஞ்சுச்சு. அதான் இதுக்கு மொகம்னு நெனச்சேன்." சொல்லும்போதே அவளுக்கு விசயம் உறைத்துவிட்டது. கையிலிருந்த சோறு ஒவ்வொரு பருக்கையாக உதிர்ந்தது. "அப்ப... நானா எம்புள்ளயக் கெடுத்துட்டேன்?"

நானும்தான் என்று பாண்டீஸ்வரிக்கு வாய் வரை வந்தது. சொல்லவில்லை. சொத்தை டப்பாவைப் பற்றி அப்போது சொல்லியிருந்தால் அந்தக் கிழவிக்குப் பாதிப் பாரம் இறங்கியிருக்கும். பயம் பொல்லாதது, ஒரு நிமிசம் அடுத்தவள் தலையில் பழி நிற்கட்டும் என்று விட்டுவிட்டது. பச்சைத் தண்ணீரில் டிஸ்க்கை நனைத்து, பழைய வேட்டித் துணியால், நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, சின்னக் குழந்தைக்குக் கண்பீளை துடைப்பது மாதிரி துடைத்தாள். சந்தனம் போனது. குங்கும எண்ணெய் லேசில் விடவில்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். முந்தானை தேய்த்த கீறல்கள் மெல்லிசாகத் தெரிந்தன.

"நானும் வாரேன்," என்றாள் கஸ்தூரியம்மாள்.

"நீங்க எதுக்கு அத்தே? சாப்புடுங்க."

"எனக்குச் சோறு எறங்குமா? கெட்டுச்சா கெடலையான்னு எங்கண்ணு முன்னாடி தெரியணும்."

இரண்டு பேரும் பஸ் ஏறினார்கள். டிஸ்க்கைத் துணியில் சுற்றி மாமியார் மடியில் வைத்து இரு கையாலும் பொத்திக்கொண்டாள். கம்பத்தில் இறங்கும்போது, "ஏத்தா, கெட்டிருந்தா அவன்கிட்ட நான்தான்னு சொல்லிரு. ஒன்னையப் போட்டுத் திட்டுவான்" என்றாள். பாண்டீஸ்வரி அவளைச் சந்து முனையில் நிறுத்தி, டப்பா விசயத்தையும் டிக் விசயத்தையும் சொல்லிவிட்டாள். கஸ்தூரியம்மாள் பாதிதான் புரிந்துகொண்டாள். "அப்ப ரெண்டு பேரும் சேந்துதான் பண்ணியிருக்கோம்," என்று சொல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

ஸ்டூடியோவில் அல்தாப் தயாராக இருந்தார். கஸ்தூரியம்மாளுக்கு நாற்காலி எடுத்துப் போட்டு, டிஸ்க்கைக் கண்ணாடி துடைக்கிற திரவத்தில் இன்னொரு தடவை துடைத்து, டிரைவில் வைத்தார். "பிஸ்மில்லா," என்று சொல்லித்தான் தள்ளினார்.

கட்டங்கள் நிரம்பத் தொடங்கின. பச்சை. பச்சை. பச்சை. முப்பது சதவீதத்தில் ஒரு மஞ்சள் விழுந்தது. டிரைவ் கரகரவென்று முனகி, நின்று, மறுபடி சுற்றியது.

"என்ன கலரு அது?" என்றாள் கஸ்தூரியம்மாள்.

"மஞ்சள் அத்தே. பரவாயில்ல. செவப்பு விழக்கூடாது."

"மஞ்சள் நல்லதுதான." அவள் கைகளைக் கூப்பிக்கொண்டாள்.

நாற்பதில் இன்னும் நாலு மஞ்சள். சுல்தான் பீவியின் டிஸ்க் செத்த இடம் நாற்பத்தேழு. நாற்பத்தைந்து ஆனபோது பாண்டீஸ்வரி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மாரியாத்தா, ஒரே ஒரு தடவை, இதுக்கு மேல ஒன்கிட்ட எதுவும் கேக்க மாட்டேன். ஒரு சிவப்பு விழாமப் பாத்துக்க.

"கண்ணத் தொறம்மா," என்றார் அல்தாப். "அம்பத்தெட்டத் தாண்டிருச்சு."

பச்சையாகவே போனது. எண்பது, தொண்ணூறு, நூறு. ஒரு சிவப்பு இல்லை. பிழை பூஜ்யம் என்று கீழே எழுத்து வந்தது.

பாண்டீஸ்வரி மேசையில் தலையைக் கவிழ்த்து ஓவென்று அழுதாள். கஸ்தூரியம்மாள் எழுந்து, கம்ப்யூட்டர் எது டிரைவ் எது என்று தெரியாமல் எல்லாவற்றையும் தொட்டுக் கும்பிட்டாள். அல்தாப் டீ சொல்லி அனுப்பினார். "உன்னுது டப்பாவுல நல்ல சுளையாப் பாத்து விழுந்திருக்கு போ," என்று சிரித்தார். பிறகு தொழில்காரப் புத்தி விடாமல், "எதுக்கும் ஒருக்க ஓட்டிப் பாத்துரு பாண்டீஸ். கட்டம் பச்சையா இருந்தும் சிலது படம் ஒடஞ்சு வரும். இன்னைக்காச்சும் நடுவப் பாரு" என்று சொல்லி, பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வாசலில் காத்திருந்தவரைக் கவனிக்க உள்ளே போனார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு படத்தை ஓடவிட்டாள். நாலு மடங்கு வேகம். நாலு நாற்பத்தொன்று, ஜீப் வந்து நிற்கிறது. மாரிசெல்வம் இறங்கி, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கடைக்குள் போகிறான். ஒரு மாதம் கழித்து அவன் நடையைப் பார்க்க அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

"தெரியிறானா?" என்றாள் பின்னாலிருந்து கஸ்தூரியம்மாள். "எனக்கு ஒண்ணும் வெளங்கல. எல்லாம் சாம்பலாத்தான் தெரியிது."

"தெரியிறாரு அத்தே. டீ குடிக்கிறாரு."

நாலு ஐம்பத்தாறு. ஜீப்பைக் காணோம்.

படம் தாவிவிட்டது, இந்த இடம்தான் கெட்டுப்போன இடம் என்று நினைத்தாள். பின்னால் இழுத்து, சாதாரண வேகத்தில் விட்டாள். மூலையில் மணி ஓடியது. நாலு ஐம்பத்தாறு, பத்து விநாடி. பதினொன்று. பன்னிரண்டு. ஒரு விநாடியும் விட்டுப்போகவில்லை. மாரிசெல்வம் டம்ளரை வைத்துவிட்டு, போனைக் காதில் வைத்தபடி வந்து ஏறுகிறான். விளக்கு எரிகிறது. ஜீப் லோயர் கேம்ப் பக்கம் திரும்பிப் போகிறது. அது நின்ற இடத்தில் ஒரு நாய் வந்து படுத்தது. டீ மாஸ்டர் வாளித் தண்ணீரை வீசிக் கொட்டினார். அந்த ஒவ்வொரு சொட்டும் தெரிந்தது.

எங்காவது நிற்காதா, எங்காவது உடையாதா என்று பார்த்தாள். ஐந்து ஆனது. ஐந்து ஐந்து ஆனது. ஐந்து பத்து, பதினைந்து. நாய் காதைச் சொறிந்தது. படம் தண்ணீர் மாதிரி ஓடியது.

ஐந்து பத்தொன்பதுக்கு வெளிச்சம் விழுந்து நாய் எழுந்து ஓடியது. ஜீப் அதே இடத்தில், அளந்து வைத்த மாதிரி வந்து நின்றது. மாரிசெல்வம் இறங்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தான். பிறகு இறங்கி முன்பக்கம் போய்க் குந்தினான். இடது பக்கத்தைத் தடவிப் பார்த்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்துத் துடைத்தான், சுற்றுமுற்றும் பார்த்தான், மறுபடி துடைத்தான். முழங்கால் வரை கைலி நனைந்திருந்தது. துண்டைச் சுருட்டிச் சீட்டுக்கு அடியில் திணித்துவிட்டு, கடை டிரம்மில் தண்ணீர் மோந்து இரண்டு கையையும் முழங்கை வரை கழுவினான். நின்று நிதானமாகக் கழுவினான். பிறகு இன்னொரு டீ வாங்கி ஊதி ஊதிக் குடித்தான். அந்நேரம் சின்னக்கருப்புக்கு உயிர் இருந்திருக்கும்.

தோட்டத்துப் பெண்கள் வாளிகளோடு வரத் தொடங்கினார்கள். யாரோ ஏதோ சொல்ல அவன் சிரித்தான். அங்கிருந்து கடைசி வரை அவள் ஏற்கெனவே பார்த்ததுதான்.

மேசைமேல் போன் அடித்தது. சேக் பரீது வக்கீல். அடித்து அடித்து ஓய்ந்தது. அவள் எடுக்கவில்லை. பிழை பார்க்கிற புரோகிராமை மறுபடி திறந்து, கட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒரே ஒரு சிவப்பு. எங்காவது ஒரு ஓரத்தில் ஒன்றே ஒன்று. இல்லை.

"என்னம்மா, எங்கயாச்சும் நிக்கிதா?" உள்ளேயிருந்து அல்தாப் கேட்டார்.

"இல்லண்ணே." அவள் புரோகிராமை மூடினாள். "எங்கயும் நிக்கல."

கஸ்தூரியம்மாள் டீயை முழுசாகக் குடித்து முடித்திருந்தாள். காலையிலிருந்து வயிற்றில் இறங்கிய முதல் சூடு. முகமெல்லாம் தெளிந்து, நாற்காலியை இழுத்துக்கொண்டு மருமகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எனக்கு இப்பத்தான்த்தா உசுரே வந்துச்சு. இதே மாதிரி கோர்ட்டுல உள்ளதும் நல்லாத்தான இருக்கும்?"

பாண்டீஸ்வரி திரையைப் பார்த்தபடியே தலையசைத்தாள்.

"நாளைக்கு ஜட்ஜ் ஐயா பாக்கும்போது நடுவுல நின்னுகின்னு போயிராதே?"

"நிக்காது அத்தே," என்றாள் பாண்டீஸ்வரி. "முழுசாப் பாப்பாக."